முப்பத்தோராம் இடம்

நான்கு ஊக்குகள்.
சனிக்கிழமை காலை மோஸி ஹெஃபர்னன்
உறையைக் கவிழ்த்துக் கொடுத்தபோது நான்கு.
திங்கள் மாலை எண்ணினேன், இரண்டு.
மீதி இரண்டும் டிப்பரரியில் எங்கோ
ஒரு டிராக்டர் டயருக்காகக் காத்திருக்கின்றன.

ஜூன் மாதத்து முதல் திங்கள், விடுமுறை.
மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள்.
நான் மூன்று நாளில் நான்கு பந்தயங்களுக்குப்
பணம் கட்டியிருந்தேன்,
பால் ஆய்வகத்தில்
கிருமி எண்ணிச் சம்பாதித்த பணம்.

எழுபது கிலோமீட்டர், மூன்று சுற்று.
முதல் சுற்றில் நான் புத்திசாலி.
முப்பது முதுகுகளுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டேன்.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொன்னவர்
எதிர்காற்றில் சைக்கிள் மிதித்திருக்க வேண்டும்.
கூட்டத்தின் நடுவில் காற்றே இல்லை.
சங்கிலி எண்ணெய், வாழைப்பழம்,
முன்னால் போகிறவளின் சக்கரம் துப்பும் சாண நீர்
பல்லில் நறநறக்கிறது.
இரண்டாம் சுற்றின் ஏற்றத்தில்
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒரு கை அகலம் இடைவெளி.
பிறகு ஒரு கார் அகலம்.
பிறகு அவர்கள் அடுத்த ஊரில் இருந்தார்கள்.

ஞாயிறு காலை கடிகாரத்தோடு போட்டி.
பதினாறு கிலோமீட்டர், நானும் என் மூச்சும் மட்டும்.
இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

மாலையில் ஊருக்குள் சுற்றுப் பந்தயம்.
சர்ச், மதுக்கடை, மருந்துக்கடை, மறுபடி சர்ச்.
இருபத்தைந்து முறை.
மருந்துக்கடை ப்ளானிட் டூஹியுடையது.
ஆறு வருடமாக என் சக்கரத்தில் ஒட்டி வருகிறவள்,
காற்றுக்கு ஒருநாளும் முன்னால் வராதவள்.
அட்டை என்று பெயர் வைத்திருந்தேன்,
மனதுக்குள்தான்.
தன் கடைவாசலைக் கடக்கும்போதெல்லாம்
அவள் கொஞ்சம் நிமிர்ந்தாள்.
அந்த நிமிர்வின் பின்னே ஒளிந்துதான்
சுற்றி முடித்தேன். அன்று அட்டை நான்.
பதினெட்டாவது சுற்றில், ஈரமான சாக்கடை மூடியில்
மூன்று பேர் விழுந்தார்கள்.
பாத்திர அலமாரி சரிந்த சத்தம்.
எழுந்தவள் முதலில் தொட்டுப் பார்த்தது
முழங்காலை அல்ல, கியரை.

திங்கள், மலை.
ஏற்றத்தில் நானும் ப்ளானிட்டும்
மரை கழன்றாற்போல் உதிர்ந்தோம்.
இறக்கத்துக்கு அப்பால் இருபத்திரண்டு கிலோமீட்டர் சமவெளி,
படுத்தவாக்கில் பெய்கிற மழை.
முன்னே போய் நூறு மிதி எண்ணினேன்.
பழக்கதோஷத்தில் முழங்கையை அசைத்தேன்.
வா, என்று அர்த்தம்.
வந்தாள்.
வந்தாள்!
நூறு மிதி அவள், நூறு மிதி நான்.
ஆறு வருடக் கடனைச்
சில்லறையாக அடைத்துக்கொண்டே போனாள்.
பேச மூச்சில்லை. ஆடுகள் பார்த்தன.

கோடு தெரிந்தபோது
ஜெயித்தவர்கள் குளித்து முடித்திருந்தார்கள்.
மோஸி ஆரஞ்சுக் கூம்புகளை
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.
முப்பத்தோராம் இடத்துக்குப் பரிசு இல்லை.
முப்பத்திரண்டுக்கும் இல்லை.
சேர்ந்தே தாண்டிவிடலாம் என்று
நாகரிகமாக ஒரு நொடி நினைத்தேன்.
அப்போது பக்கத்தில் கியர் மாறிய சத்தம்.
க்ளக்.

எழுந்து நின்று மிதித்தேன்,
நாற்பத்து மூன்று வயதும் எழுந்து நின்றது.
கண் இருட்டியது. எச்சில் தாடையில் வழிந்தது.
ஹேண்டில்பாரைப் பிடுங்கிவிடுவதுபோல் இழுத்தேன்.
ஒரு டயர் அகலம்.
அவளுக்கு.
"யார்?" என்றோம் இருவரும்.
"யார் என்ன?" என்றார் மோஸி, கூம்பிலிருந்து நிமிராமல்.

மண்டபத்தில் முட்டை சாண்ட்விச் தீர்ந்துவிட்டது.
பானையின் அடியில் கறுத்துப்போன தேநீர், இரண்டு கோப்பைக்கு.
படைக்கும் பிந்தி, பந்திக்கும் பிந்தி
ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருந்தோம்.
மோஸி ஈரத்தாளோடு வந்தார்.
"ஆர்லா, முப்பத்தொன்று யாரென்று எழுதட்டும்?"
ப்ளானிட் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவள்தான், என்றேன்,
வாய் நிறைய ரொட்டியோடு.
யாருக்கும் கேட்டிருக்காது.