பாதிப் பாதி

ஃபோர்டு பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில்.
நாங்கள் ஏலத்தில் எடுத்த பத்திரத்தில் இரண்டு பெயர்:
உலிசெஸ் பிதெகாய்ன், நெலிதா பிதெகாய்ன்.
எந்தப் பாதி எவருக்கு என்று எழுதவில்லை.
பத்தொன்பது வருடமாய் அதற்குத்தான் சண்டை.

அண்ணன் மின்சாமான் கடைக்காரன்.
"ஆறு வோல்ட் மின்மினிக்குப் போதும்" என்பான்.
"மின்மினி இன்னும் பறக்கிறதே" என்பேன் நான்,
மாட்டு வைத்தியம் பார்க்கிறவள்,
உடம்பு தானாய்ச் செய்வதைக் கெடுக்காதே என்று
ஊராருக்குச் சொல்கிறவள்.

பன்னிரண்டு வோல்ட், ஆல்டர்னேட்டர், ஹைட்ராலிக் பிரேக்:
அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பட்டியல்.
எல்லாம் மாற்றியபின் பழைய வண்டியில் என்னடா மிச்சம்?
"ஓட்டம்" என்றான்.
அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
அசல் மாதிரியே என்று அட்டைப்பெட்டியில் எழுதி வந்த
புத்தம்புதுக் கண்டன்சர்கள் மூன்று
ஒரே கோடையில் செத்தன.
துருப்பிடித்த டிராக்டரில் கழற்றிய நாலாவது
இன்றுவரை மூச்சு விடுகிறது.
அதிலிருந்து அசல் என்ற சொல்லை
கொஞ்சம் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறேன்.

ஆகஸ்ட் மழை. தக்வாரெம்போவிலிருந்து மெலோவுக்கு
இருபத்தாறாம் நெடுஞ்சாலை.
பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கு
நான் தனியாக, அவன் முந்தின நாளே பஸ்ஸில்.
ஒரு மரமும் இல்லாத மேட்டில்
இருமாமல், தும்மாமல், விளக்கணைத்த மாதிரி
நின்றது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன்.
பாயிண்ட் இருக்க வேண்டிய இடத்தில்
சிவப்பு பிளாஸ்டிக், மிட்டாய் போல.
வெளியே கண்டன்சரை மட்டும்
எனக்காக, பார்வைக்கு, விட்டு வைத்திருந்தான்.

திட்டினேன். கேட்டவை நனைந்த செம்மறிகள்.
மாடு செத்தால் எங்கே கை வைப்பதென்று தெரியும்;
மிட்டாய் செத்தால் எங்கே?

கருவிப்பெட்டியின் அடியில் ஒரு மாத்தே டப்பா.
உள்ளே எண்ணெய் தடவி,
சிகரெட் தாளில் சுற்றி, பழைய பாயிண்ட்.
ஆக, அவனுக்கும்
அதன்மேல் முழு நம்பிக்கை இல்லை.

இரண்டு திருகு, ஒரு கம்பி.
இடைவெளி அளக்க தீப்பெட்டி அட்டை போதும்,
மழையில் அது ஊறாமல் வாயில் கவ்விக்கொண்டேன்.
பொறி நெம்பை மேலே தள்ளி,
கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒதுக்கி
(மறந்தவர்களுக்கு எலும்பு முறியும்)
கிராங்க்கை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில்
பேசத் தொடங்கியது.

மெலோ போகும்வரை
அவனிடம் கேட்கவேண்டியதைக் கூர் தீட்டிக்கொண்டே வந்தேன்.
ஊர் விளக்கு தெரிந்ததும்
வாட்டர் பம்ப் ஞாபகம் வந்தது.

போன ஜனவரியில், அவன் இல்லாத மதியம்,
பழைய உறைக்குள்
மூடிய பேரிங் வைத்தது நான்தான்.
"எப்படித்தான் கிரீஸ் அடைக்கிறாயோ,
சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை,
பழைய பொருளுக்குக் கைதான் முக்கியம்" என்று
விருந்தில் நாலு பேர் நடுவே
என் கையைத் தூக்கிக் காட்டியவன் அவன்.
நானும் காட்டவிட்டேன்.

"எப்படி வந்தது?"
"ஒரு தடவை நின்றது."
"ஏன்?"
"மழை."
அவன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தான்.
நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.
குறிப்பேட்டோடு வந்த பெண் கேட்டாள்:
எல்லாம் அசல்தானே?
யார் முதலில் தலையாட்டியது என்பதில்
இன்னும் தீர்ப்பில்லை.

திரும்பும்போது இருவரும்.
பாலத்துக்கு இறங்கும் சரிவில்
சாலையை அடைத்துக்கொண்டு ஒரு மந்தை.
இரண்டு பேரும் இதுவரை தொடாதது ஒன்றுதான்:
அந்தக் கம்பிப் பிரேக்.
நான் மிதித்தேன். பக்கத்தில்
மிதிப்பதற்கு ஒன்றுமில்லாத வெறும் தரையை
அவனும் மிதித்தான்,
என்னைவிட பலமாக.