கரண்ட் போன வாசகம்

டச்சுக்குடாக் கோயிலில்
கரண்ட் போயிற்று.
விசிறி நின்றது. மைக்கும் செத்தது.
அதுவரை நான்
வள்ளத்து எஞ்சின் தவணையை
விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாசகம் படித்த வினிபிரீடா
ஒரு சொல்லைத் தவறவிட்டாள்.
எவருக்கும் தெரிந்திராது.
அவளோ நின்றாள்,
விரலைப் பின்னுக்கு இழுத்தாள்,
தப்பிய கண்ணுக்குத் திரும்பும் வலையூசிபோல்
வசனத்தின் தொடக்கத்துக்கே போனாள்.

முன்வாங்கில்,
சங்கு குளித்துச் செவிப்பறை கிழிந்த
தியோகுப்பிள்ளை
கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பி
மூச்சை அடக்கினார்,
அடியில் எதையோ கண்டவர் மாதிரி.

வாசலில் ஒரு மான்
காகிதம் மென்றது.
அதுகூடக் கேட்டது.

"ஆண்டவரின் அருள்வாக்கு."
எல்லாரும் சொன்னார்கள்,
"இறைவா உமக்கு நன்றி."

நான் கொஞ்சம் பிந்தித்தான் சொன்னேன்.
மடக்கிய விரல்கள்
எப்போது விரிந்தன என்று
தெரியவில்லை.