கயிறு தளர்த்துதல்

கூடாரத்தின் விளிம்பில் கறுப்பு மையில்
1915 என்று முத்திரை.
அது பிறந்ததென்னவோ போன வருடம்,
பர்மிங்ஹாமில் ஒரு கிடங்கில்.

கிழிசல் மட்டும் அசல்.
மூன்று வாரம் சமையலறை மேசையில் போட்டு
மெழுகு தேய்த்த நூலால் தைத்தேன்,
அங்குலத்துக்கு ஐந்து தையல்.
வெளியே கைத்தையல். மடிப்புக்குள்
மெஷின் ஓடியது
எனக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமை, ஷ்ராப்ஷயர் மேடு.
இருபத்தொரு முளை, நடுவே ஒற்றைக் கம்பம்.
"நனைந்தால் துணியை உள்ளிருந்து தொடாதீர்கள்,
தொட்ட இடம் ஒழுகும்."
புதுப் பையன் ரூபர்ட் தொட்டுப் பார்த்தான்.
ஒழுகியது, நேராக அவன் தலையணைக்கு.

இரவு இரண்டரை.
சணல் மழையைக் குடித்துக் குடித்து
விண்ணென்று இறுகிவிட்டது.
முளைகள் பல் மாதிரி ஆடுகின்றன.
அந்தியிலேயே தளர்த்தியிருக்க வேண்டும்;
மறந்தவள் நான்தான்.
ராணுவக் கோட்டுக்குள் பைஜாமா,
வாயில் கவ்விய கைப்பேசி விளக்கு
(முகாமில் அது கூடாது),
ஒவ்வொரு மரக்கட்டையாக
இறக்கிக்கொண்டு வருகிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்
இதே வேலையாக இன்னொரு வெளிச்சம்.
டெஸ்மண்ட் ப்ராதர்ட்டன்.
டெல்ஃபோர்டில் பல் டாக்டர்,
விடுமுறைகளில் ஜெர்மானியச் சிப்பாய்.
என் முளைகளைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
தன் மரச்சுத்தியலை
வேலிக்கு மேலாக நீட்டினார்.

காலை பத்தரைக்கு அவர் என்னைச் சுட வேண்டும்.
விழும் இடம்கூடப் பேசி வைத்தாயிற்று,
காஞ்சொறி இல்லாத புல்லாய்ப் பார்த்து.

சுத்தியல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.