நாலாவது பாட்டு, மூன்றாவது வரி

ஔலு நகரில் நவம்பர் வந்தால்
மூன்றரை மணிக்கே இருட்டு.
ராய்யாவின் சமையலறையில்
டேப் ரிக்கார்டரைச் சுற்றி மூன்று பேர்,
திரும்பத் திரும்ப அதே பதினொரு நொடி.

கரைக்கு வந்தது து… லி
என் சாவியை எடுத்துக்கொண்டு போயிற்று

அந்தப் புள்ளிகளுக்குள்தான்
பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறோம்.

குறிலாக இருந்தால் துலி: தீ.
நெடிலாக இருந்தால் தூலி: காற்று.
நடுவில் ஓர் ஒற்று விழுந்தால்
துல்லி: சுங்கம்.
மாத்திரை தப்பினால் ஊரே மாறிவிடும் மொழி எங்களுடையது.
பாடகியோ மாத்திரைக்குக் கணக்குக் காட்டாமல்
இழுத்துக்கொண்டே போகிறாள்.

ராய்யா தீ.
பல் மருத்துவமனையில் வேலை,
வாய்களைப் பற்றி அவளிடம் யாரும் பேச முடியாது.
நான் காற்று.
மின்மீட்டர் படிக்கப் போகிறவன்,
பாதி வருடம் அதனோடுதான் மல்லுக்கட்டு.
எஸ்கோ மட்டும் சுங்கம்.
"சாவியை எடுத்துக்கொண்டு போக
வேறு யாருக்கு அதிகாரம் இருக்கிறது?"
பஸ் ஓட்டுகிறவன், சட்டம் பேசுவான்.

மொத்தம் இருநூறு கேசட்தான் போட்டார்கள்.
உறைக்குள் வரிகள் இல்லை,
ஒரு வாத்தின் படம் இருக்கிறது.
கம்பெனி இருந்த இடத்தில் இப்போது டயர் விற்கிறார்கள்;
எங்கள் கடிதத்துக்குப் பதிலாக
குளிர்காலத் தள்ளுபடி அட்டை வந்தது.
கிதார்க்காரரைத் தோர்னியோவில் பிடித்தோம்.
"நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தே நிற்பேன்.
அந்தப் பாட்டில் வார்த்தை உண்டா?" என்றார்.
காபி கொடுத்து அனுப்பினார்.

தொலைபேசிப் புத்தகத்தில்
அந்தக் குடும்பப் பெயரோடு பதினாலு இர்யாக்கள்.
ஒன்பதாவது இர்யா
பாட்டைக் கடைசிவரை கேட்டாள்.
"நான் இல்லை" என்றாள்.
பிறகு, "இன்னொரு தடவை போடுங்கள்" என்றாள்.
போட்டோம்.
வைத்துவிட்டாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இந்த வருடம் ஒரு படச்சுருள் கிடைத்தது.
இளைஞர் மன்ற விழா, நாலு நிமிடம்,
இர்யா, மைக், பின்னால் ஒரு கொடி.
ஒலி இல்லை.

ராய்யாதான் ஐலியைக் கூட்டிவந்தாள்.
பிறவியிலேயே காது கேளாதவள், உதடு படிப்பவள்.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
நோட்டில் எழுதிக் காட்டினாள்:
"பாட்டுக்கு என்னைக் கூப்பிட்ட முதல் ஆட்கள் நீங்கள்."

திரை விரித்தோம்.
ஐலி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.
நாங்கள் படத்தைப் பார்க்கவில்லை,
அவள் பென்சிலைப் பார்த்தோம்.

சாவியைப் பிடித்துவிட்டாள். கரையையும் பிடித்தாள்.
நடுவில் பென்சில் நின்றது.
மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடி.
"மூன்றும் உதட்டில் ஒன்றுதான்" என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து, கீழே:
"தவிர, வாயில் மிட்டாய் இருக்கிறது.
இடது கன்னம்."

எழுந்து போய்ப் பார்த்தோம்.
இருந்தது.
பத்தொன்பது வருடம், டயர்க்கடை, தோர்னியோ, பதினாலு இர்யாக்கள்,
இடது கன்னத்தில் ஒரு சிறு மேடு.

பாட்டு முடிந்து
கூட்டம் ஓசையில்லாமல் கைதட்டுகிறது.
இர்யா திரும்பி டிரம்ஸ்காரனிடம் ஏதோ கேட்கிறாள்.
அதை மட்டும் ஐலி
ஒரே மூச்சில் எழுதினாள்:
"இன்னொன்று இருக்கா?"

எஸ்கோ ஓடிப்போய் ஒரு பெட்டி சல்மியாக்கி வாங்கிவந்தான்,
அந்தக் கறுப்பு உப்பு மிட்டாய்.
ஆளுக்கு ஒன்று கன்னத்தில் அடக்கி
வரிசையாகப் பாடினோம்,
தீ, காற்று, சுங்கம்.
ஐலி எங்கள் வாயைப் பார்த்து மதிப்பெண் போட்டாள்.
மூன்று பேரும் பெயில்.

மறுநாள் காலை நான் ஏழாம் நம்பர் பஸ்ஸில் இருந்தேன்.
துறைமுகத்துப் பழைய சுங்கச்சாவடி வந்தது.
எஸ்கோ மைக்கில் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னான்,
கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டு.
இறங்க வேண்டியவர்கள்
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.