பஸ் திரும்பும் இடம்

எட்டரை பஸ்ஸுக்கு
எங்கள் டிவிஷனோடு ரோடு தீர்ந்துவிடும்.

பின் டயருக்குக் கல் வைக்க
கம்பளியைத் தலையில் போட்டபடி
சன்னாசி போவான்.
"ஹரி, ஹரி... இன்னுங் கொஞ்சம்."
அவனுக்குப் பின்னால் பள்ளம்.

ரிவர்ஸ் எடுக்கையில்
முன்விளக்கு ஊரை ஒருமுறை சுற்றும்:
கவ்வாத்து வெட்டிய ஏழாம் நம்பர் மலை,
பீலியடியில் யாரோ மறந்த வாளி,
ஐப்பசியில் மண் சரிந்த சிவப்பு.
மேட்டு லயத்துக் கடைசிக் காம்பராவின் பூட்டில்
வெளிச்சம் சற்று நிற்கும்.
டிரைவர் கியர் மாற்றும் நேரம்தான்,
வேறொன்றுமில்லை.

பிறகு பனி மூடிக்கொள்ளும்.
கீழே தேயிலைக்குள்
சிவப்புப் புள்ளி ஒன்று
வளைந்து வளைந்து இறங்கும்.

சன்னாசி கல்லை
நாளைக்கென்று ஓரமாய் உருட்டுவான்.
காலில் அட்டை ஏறியிருப்பது
வீட்டு வெளிச்சத்தில்தான் தெரியும்.