நூறு கிராமில்

ஜெலுத்தோங் டயாலிசிஸ் மையத்துச் சுவரில்
ஒரு பட்டியல்.
நூறு கிராமில் பொட்டாசியம்:
வாழை முந்நூற்று ஐம்பத்தெட்டு,
ஆப்பிள் நூற்றேழு.

பதினெட்டு வருஷம் பிசாங் மாஸ் விற்றவன் நான்.
தெம்புக்கு வாழை, ஆப்பிள் வெறும் மினுக்கு என்று
மூன்று மொழியில் கூவியவன்.
அந்தத் தெம்புதான் கோமளவல்லிக்கு
இப்போது ஆகாதாம்.
மிஸி வோங் சொல்லிவிட்டாள்:
பாதி ஆப்பிள், தோல் சீவி.

கடையைச் சாத்திவிட்டு
எதிர்க்கடை அஸ்லானிடம்
ஒரே ஒரு ஆப்பிள் கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. காசும் வாங்கவில்லை.
ஒரு சீப்பு வைத்துவிட்டு வந்தேன்.

நாலு மணி நேரம் ஊசியோடு கிடந்தவள்
ஒரு துண்டு கடித்தாள்.
பிறகு என் கையை இழுத்து
விரல்களை முகர்ந்தாள்.
போகாத வாழைவாசம்.

"இதில் எத்தனை இருக்கும்?" என்றாள்.