எழுதும் வேகம்

அட்டையின் நெற்றியில் பெரிதாக 170.
சாட்ஸ்வொர்த் கடையில் டெரன்ஸ் மூன்சாமி
அதைத்தான் நகத்தால் தட்டிக் காட்டினான்.
"புலி, அக்கா. பாயும்."
தள்ளுபடி போக முந்நூற்றைம்பது ராண்ட்.

ஜூலை. பார்க் ரைனி.
விடிந்தபோது கடலில் ஓரிடம் மட்டும்
மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடந்தது.
மத்தி வந்துவிட்டது.
கேனட் பறவைகள் சிறகை ஒடுக்கி
ஊசி ஊசியாய்த் தண்ணீரைத் தைத்துக்கொண்டிருந்தன.
கரைவலையின் ஒரு முனையில் ம்லுங்கிசியும் பன்னிரண்டு பேரும்,
மறுமுனையில் இடுப்பளவு நீரில் சிவலிங்கம் படையாச்சி.
"டொன்சானி!" என்று கத்துகிறார், பிறகு
"இழு!"
தமிழில் அவரிடம் மிச்சமிருக்கும்
ஏழெட்டுச் சொற்களில் ஒன்று.

அழுத்தினேன்.
நொடிக்குப் பத்துப் படம், நான்கு நொடி.
அப்புறம் கேமரா மூச்சை அடக்கிக்கொண்டது.
சிவப்பு விளக்கு
மினுக்
மினுக்

வலை கிழிந்தது அப்போதுதான்.
கிழிசல் வழியே காலை முழுவதும் வெள்ளியாய்க் கொட்ட,
விழுந்து எழுந்த படையாச்சியின் சட்டைக்குள்
நாலைந்து மீன் துள்ள,
கூச்சம் தாங்காமல் ஒரு கிழவன் குழந்தைபோல் நெளிந்து சிரிக்க,
பன்னிரண்டு பேரும் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிக்க,
என் விரல் மட்டும்
இறந்த பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.
170 என்பது வாசிக்கும் வேகம்.
ஏற்கெனவே தெரிந்ததை
எவ்வளவு சீக்கிரம் திருப்பிச் சொல்லும் என்பது.
புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேகத்தை
அட்டையில் எங்கும் அச்சிடவில்லை.
மூலையில், எறும்பளவு, V30:
எவ்வளவு சோர்ந்தாலும்
நொடிக்கு முப்பதுக்குக் கீழே இறங்கமாட்டேன்.
U எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் மூன்றுக்கும் அதே பொருள்தான்.
வட்டத்துக்குள் இருக்கும் பத்து, பழைய, சின்ன சத்தியம்.
முகப்பில் வாய். மூலையில் காது.

என் படம் ஒன்றுக்கு முப்பது மெகாபைட்.
பத்துப் படம், முந்நூறு.
கடை வாசலிலேயே போட்டிருக்கலாம் இந்தக் கணக்கை.
மனிதர்களுக்கும் காதோரம்
இப்படி ஓர் எறும்பு எண் இருந்திருந்தால்
என் விவாகரத்தை இன்னும் மலிவாக முடித்திருப்பேன்.

V90 கேட்டுப் போனேன்.
டெரன்ஸ் என் கேமராவின் வாயைத் திறந்து பார்த்தான்.
"இதுக்கு ஒரு வரிசைப் பல்தான், அக்கா.
அந்த அட்டைக்கு ரெண்டு வரிசை வேணும்.
போட்டா வேலை செய்யும். ஆனா காசு தண்டம்."
புலி விற்றவன்தான். இருந்தாலும் இதைச் சொன்னான்.

இப்போதெல்லாம் மூன்று படம்.
விரலை எடு.
விளக்கு அணையட்டும்.
மறுபடி மூன்று.

படையாச்சிக்கு அனுப்பினேன், நாற்பதில் நல்லதாக ஒன்று:
இறுகிய கயிறு, திறந்த வாய், பாதியில் நிற்கும் "இ".
பதில் உடனே வந்தது:
"அழகா இருக்கு.
ஆனா இது கிழியறதுக்கு முன்னாடி."